வால் ஓட்டை வைத்த நாற்பது அங்கிகள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். உன் நலம் அறிய இப்போதைக்கு எனக்கு ஆவல் ஒன்றும் இல்லை. இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை நீ நலமாக இருந்தால் போதும். உன் மனைவிக்கும் குழந்தைக்கும் என் அன்பு. அவர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை.

ஃபோன் பண்ணாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறேன் என்று நீ கேட்கலாம். ஃபோனில் நீ குறுக்கே பேசுவாய். நான் ஒன்று சொல்ல வாயெடுத்தால் நீ ஒன்பது விளக்கம் சொல்வாய், கடைசியில் நான்தான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஃபோனை வைப்பேன். சின்ன வயதிலிருந்தே இதுதான் கதை. சரி, கம்ப்யூட்டரில் அடித்து அனுப்பலாம் என்றால், நீ கைவைத்த சாஃப்ட்வேர் வழியாகப் போகிற எதையும் நான் இனி நம்புவதாக இல்லை. உனக்கு எழுதுகிற கடிதத்தின் நடுவில் யாருடைய இடுப்பளவு வந்து உட்காருமோ, யார் கண்டது? ஆகவே பேனா, காகிதம், கூரியர். காகிதத்தில் நான் எழுதியது எழுதிய இடத்திலேயே இருக்கும்.

என் தையல் கூடத்தில் மூன்று கம்ப்யூட்டர் இருப்பது உனக்குத் தெரியும், வாங்கச் சொன்னதே நீதான். முன்னறையில் பேட்டர்ன் வரைகிற பெண்ணுக்கு ஒன்று, பின்னால் கட்டிங் மேசைக்கு ஒன்று, கணக்குப் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு சீட்டு விளையாடுகிற உன் அத்தானுக்கு ஒன்று. ஃபைல்கள் எல்லாம் ஸ்டோர் ரூம் அலமாரிமேல் இருக்கிற பெரிய பெட்டியில் இருக்கும், ஆனால் யார் எங்கிருந்து திறந்தாலும் தன் கம்ப்யூட்டரிலேயே இருப்பது போலத் தெரியும், அந்த மாயத்தைச் செய்கிற சாஃப்ட்வேர் உன் கம்பெனியுடையது, அதிலும் அந்தப் பகுதி முழுக்க உன் பொறுப்பு என்று அம்மா தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்தி வைத்துச் சொன்னாள். நம் வீட்டுப் பிள்ளை செய்தது என்று நானும் கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். வெளியாள் செய்ததாக இருந்தால் நாலு கேள்வியாவது கேட்டிருப்பேன்.

முதலில் அது விழுந்துகொண்டே இருந்தது. கட்டிங் மேசைக் கம்ப்யூட்டரைப் பெரிய பெட்டியோடு சேர்க்கிற குட்டிப் பெட்டி ஒன்று சுவரோரம் இருக்கிறதே, அதன் பிளக்கும் இஸ்திரிப் பெட்டியின் பிளக்கும் ஒரே ஓட்டைக்குப் போட்டி போடும். நம் இஸ்திரிக்காரர் தங்கமான மனுஷர், ஆனால் துணிச் சுருக்கத்தைத் தவிர இந்த உலகத்தில் வேறெதுவும் அவர் கண்ணுக்குத் தெரியாது. ஒரு காலர் கசங்கியிருந்தால் போதும், அந்தப் பிளக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தன் பிளக்கைச் சொருகிவிடுவார். வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்பச் சொருகி வைப்பார், அதையும் சொல்லிவிட வேண்டும். உடனே கட்டிங் மேசைக் கம்ப்யூட்டர் அப்படியே உறைந்து நிற்கும், மௌஸ் நகராது, திரை கருக்கும், மாஸ்டர் இரண்டு கையையும் மேலே தூக்கி "போச்சு!" என்பார். எல்லோரும் டீ குடிக்கப் போய்விடுவோம். திரும்பி வந்து அணைத்துப் போட்டால் மறுபடியும் ஓடும். ஒரு கோடுகூடத் தொலைந்து போனதில்லை.

நம் கட்டிங் மாஸ்டரை நீ பார்த்திருக்கிறாய். கைக்குட்டைக்குத் துணி வெட்டச் சொன்னாலும் கண்ணாடியைத் துடைத்து, தொண்டையைக் கனைத்து, நாலு பேர் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் கத்தரியை எடுப்பார். வறட்டு ஜம்பம். யாரிடமும் ஒரு சந்தேகம் கேட்க மாட்டார். ஆனால் கம்ப்யூட்டர் விழுந்து எழுந்தால் மட்டும் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. திரையில் இருக்கிற பேட்டர்னைக் காகிதத்தில் அச்செடுத்து, டேப்பை எடுத்து, கழுத்திலிருந்து கீழ் விளிம்புவரை ஒவ்வொன்றாக அளந்து, ஆர்டர் எழுதின தாளோடு சரிபார்த்த பிறகுதான் மெஷினுக்குக் கொடுப்பார். "விழுந்து எந்திரிச்சிருக்கு மேடம், எங்க அடிபட்டிருக்குன்னு பாக்க வேண்டாமா?" என்பார். தினமும் ரெண்டு தடவை விழும், தினமும் ரெண்டு தடவை அளப்பார். எனக்கு நேரம் போகிறதே என்று வயிற்றெரிச்சல்.

அதனால்தான் உன்னிடம் விழுகிறது, விழுகிறது என்று புலம்பினேன். நீயும் பெரிய மனது பண்ணி வந்தாய், அந்த ஸ்டூலில் சப்பணம் போட்டு உட்கார்ந்து நாள் பூராவும் தட்டினாய், சாயங்காலம் எழுந்து நின்று சோம்பல் முறித்துக்கொண்டு என்ன சொன்னாய்? ஒரு எழுத்து விடாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "அக்கா, இனிமே இது விழவே விழாது. கனெக்‌ஷன் போயிட்டு வந்தா, எல்லாம் சரியா பொருந்துதான்னு பாக்க உள்ள ஒரு சோதனை வெச்சிருந்தாங்க. பொருந்தலேன்னா அங்கயே நின்னுடும். அதத்தான் எடுத்து விட்டுட்டேன், எல்லா ஊருக்கும் சேத்தே." உன் அத்தான் கைதட்டினார். நானும் பெருமையில் பூரித்துப்போய், பொருந்தவில்லை என்றால் நிற்பது நல்லதுதானே என்று கேட்கத் தோன்றாமல், உனக்குச் சூடாக டீ போட்டுக் கொடுத்தேன். அந்த டீயை இப்போது நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது.

அதன்பின் ஆறேழு மாதமாக அது விழவில்லை. இஸ்திரிக்காரர் பிளக்கைப் பிடுங்கினாலும் சொருகினாலும் திரை அசையாது, மௌஸ் பாட்டுக்கு ஓடும். டீ நேரம் குறைந்தது. மாஸ்டர் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அலங்காரத்துக்கு நடமாடினார். விழுந்தால்தானே அளப்பார்? விழவில்லை, அளக்கவில்லை. நானும் ஆஹா, வேலை பறக்கிறதே என்று இருந்தேன்.

இந்த நேரத்தில்தான் ஊரிலேயே பெரிய பாட்டுக் குழுவிலிருந்து ஆர்டர் வந்தது. நாற்பது பேர், நாற்பது அங்கி, கணுக்கால்வரை தொங்கும் கருநீலம், எல்லாம் ஒரே அளவு, தோளில் மட்டும் கொக்கி. அந்தக் குழுத் தலைவி இதுவரை எந்தத் தையல்காரரையும் இரண்டாம் முறை கூப்பிட்டதில்லை என்று பெயர் எடுத்தவர். அவர் நம் கூடத்துக்கு வந்து ஒரு தையலை விரலால் நீவிப் பார்த்துவிட்டு "சரி, செய்யுங்க" என்றபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அதே வாரம் செல்லப்பிராணிக் கடைக்காரர் ஒருவர் நாய்களுக்கு மழைக்கோட்டு கேட்டார். அதுவும் வந்தால் விடுவானேன் என்று எடுத்துக்கொண்டேன். நாய்க்கோட்டில் பின்பக்கம் வால் விட ஒரு வட்ட ஓட்டை வேண்டும். கடைக்காரர் ஒரு நாள் வந்து, "ஓட்டை சின்னதா இருக்குங்க, எங்க நாய்ங்களுக்கெல்லாம் வால் தடிமன்" என்றார். மாஸ்டர் உடனே தன் கம்ப்யூட்டரில் நாய்க்கோட்டைத் திறந்து, ஓட்டையைப் பெரிதாக்கி, சேமித்தார். சேமித்த அந்த நொடியில் இஸ்திரிக்காரருக்கு ஒரு சுருக்கம் தெரிந்துவிட்டது.

அப்புறம் என்ன நடந்தது என்று கடைசியில் நீதானே எனக்கு விளக்கினாய், அதை உனக்கே திரும்பச் சொல்கிறேன், கேள். மாஸ்டர் போட்ட பெரிய ஓட்டை பெரிய பெட்டிக்குப் போய்ச் சேரவில்லை, அவர் கம்ப்யூட்டரிலேயே காத்திருந்தது. முன்னறைப் பெண்ணுக்குத் தொடர்பு அறுபடவில்லை. கடைக்காரர் சத்தம் அவள் காதிலும் விழுந்ததால், நான் புதிதாகவே வரைகிறேன் என்று பழைய நாய்க்கோட்டு ஃபைலை அழித்துவிட்டு, கையோடு, வரைந்து முடித்திருந்த அங்கியை முதல் தடவையாகச் சேமித்தாள். பெட்டியில் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு எண் உண்டாம், செத்துப்போன நாய்க்கோட்டின் எண்ணை அது அங்கிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டதாம். பிளக் திரும்பச் சொருகப்பட்டதும் உன் சாஃப்ட்வேர் காத்திருந்த ஓட்டையை எடுத்துக்கொண்டு அந்த எண்ணைத் தேடிப் போய், உள்ளே இருப்பது யார் என்று கூடக் கேட்காமல், அங்கியின் முதுகில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தது. அறையைக் காலி செய்துவிட்டுப் போனவரின் பேண்ட்டை, அறை எண் சரியாக இருக்கிறது என்று புதிதாக வந்தவருக்கு மாட்டிவிடுகிற ஹோட்டலில் நீ தங்குவாயா? எண்ணுக்குள் இருப்பது அதே ஆள்தானா என்று பார்க்கத்தான் அந்தச் சோதனை இருந்தது. முன்பு அது கண்டுபிடித்து, கை காலை உதறி, மயங்கி விழுந்து எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. நீ அதை எடுத்துவிட்டாய். இப்போது அது சிரித்த முகத்தோடு பொய் சொல்கிறது.

நம் கட்டிங் மெஷின் ஒவ்வொரு துணியாக வெட்டாது, நாற்பது மடிப்பையும் அடுக்கி வைத்து ஒரே வெட்டு. ஒரு தப்பு நாற்பது தப்பு. மாஸ்டர் திரையில் அங்கியைத் திறந்தபோது முதுகின் கீழ்ப்பக்கம் வட்ட ஓட்டை தெரிந்திருக்கிறது. யாரிடமாவது கேட்டாரா? கேட்டால் கௌரவம் என்ன ஆகும்? மேடைப் பாடகர்கள், ஆகவே மைக் ஒயர் போக ஓட்டை என்று தானே முடிவு பண்ணி வெட்டிவிட்டார். தைக்கிற பெண்களில் ஒருத்தி, நாற்பது பேர் சேர்ந்து நின்றால் புழுங்கும், காற்றுக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாளாம். இன்னொருத்தி எதுவும் நினைக்காமல் ஓட்டையைச் சுற்றி அழகாகப் பட்டு நாடா வைத்துத் தைத்திருக்கிறாள். நாற்பதுக்கும். அவ்வளவு நேர்த்தியான விளிம்பு என் கூடத்தில் இதுவரை யாரும் தைத்ததில்லை, அதுதான் வயிறு எரிகிறது.

குழுத் தலைவி போட்டுப் பார்க்க வந்தார். நானே கொக்கி மாட்டிவிட்டேன். முன்பக்கம் கண்ணாடியில் பார்த்தார், திருப்தி. பக்கவாட்டில் பார்த்தார், புன்னகையே வந்துவிட்டது. அப்புறம் திரும்பினார். பின்னால் வைத்திருந்த கண்ணாடியில் எட்டிப் பார்த்தார். கையைப் பின்னால் கொண்டுபோய் இரண்டு விரலை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"இது எதுக்கு?" என்றார்.

உன் அத்தான் ஆபத்துக்கு உதவுகிறேன் என்று ஓடிவந்து, "காற்றோட்டத்துக்குங்க" என்றார்.

"எங்களுக்குக் காத்து வாய் வழியா வந்தா போதும்" என்று சொல்லி அங்கியைக் கழற்றி மடித்து வைத்தார். மடித்த விதத்திலேயே மரியாதை போய்விட்டது தெரிந்தது. "நிகழ்ச்சிக்கு இன்னும் பத்து நாள் இருக்கு. ஓட்டை இல்லாத முதுகு வேணும். முடியலேன்னா இப்பவே சொல்லிடுங்க" என்றார். முடியும் என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்வது?

அவர் படியிறங்கியதும் முன்னறைப் பெண் ஃபைலைத் திறந்து பார்த்தாள். கடைசியாகக் கைவைத்தது கட்டிங் மேசை என்று காட்டியது. ஓட்டையின் அளவு, நாய்க்கோட்டுக்கு மாஸ்டர் போட்ட அதே அளவு. போதாதா? எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. எல்லோரும் இருக்கும்போது, இஸ்திரிக்காரர், தைக்கிற பெண்கள், டீ கொண்டுவந்தவர், ஒருத்தர் விடாமல் எல்லோரும் பார்க்க, மாஸ்டரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். "நாய்க்கும் மனுஷருக்கும் வித்தியாசம் தெரியாத கைக்கு எதுக்கு மாஸ்டர் கத்தரி?" என்று கேட்டேன். தம்பி, நான் சொன்னது அதுதான், அப்படியே எழுதுகிறேன். அவர் "நான் நாய்க்கோட்டுலதான் மேடம் போட்டேன்" என்று மட்டும் சொன்னார், அதுவும் மெல்ல. கழுத்திலிருந்த டேப்பைச் சுருட்டினார், கத்தரியை மேசைமேல் வைத்தார், கண்ணாடியைத் துடைத்தார், போய்விட்டார். எத்தனை வருஷமாகச் சேர்ந்து வேலை பார்த்த மனுஷர். ஒருநாள் சொல்லாமல் லீவு போட்டதில்லை.

அப்புறம்தான் உனக்கு ஃபோன் பண்ணினேன். நீ என்ன பண்ணினாய்? குதித்தாய்! ஃபோனுக்குள் நீ குதிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. "அக்கா! நிஜமாவா? அது இப்படித்தான் நடக்குதா? ஆறு மாசமா இந்தக் கோளாறத்தான் நாங்க தேடிக்கிட்டு இருக்கோம்க்கா! எல்லா ஊர்லயும் ஃபைல் கெட்டுப்போகுதுன்னு சொல்றாங்க, எப்படின்னு ஒருத்தருக்கும் சொல்லத் தெரியல. நீதான்க்கா கண்டுபிடிச்சிருக்க!" என்றாய். நாற்பது அங்கி நாசம், உனக்குக் கல்யாணக் களை. அத்தோடு விட்டாயா? "அக்கா, ஒரே ஒரு உதவி. இன்னொரு தடவ அதே மாதிரி செஞ்சு பாக்க முடியுமா? திரும்ப நடக்குதான்னு தெரிஞ்சா சரிபண்ண சுலபமா இருக்கும்" என்கிறாய். ஏன்டா, இன்னும் நாற்பது பேருக்கு வால் ஓட்டை போட்டுத் தரவா? உன் ஆபீஸில் எத்தனை பேர், எல்லோருக்கும் அளவு அனுப்பு!

சோதனையைத் திரும்ப வைத்துவிட்டதாகவும், விழாமலும் பார்த்துக்கொள்ளும்படி, பொருந்தாததை ஒதுக்கி வைத்துவிட்டு ஆளைக் கூப்பிட்டுக் கேட்கும்படி எழுதியிருப்பதாகவும் நேற்று செய்தி அனுப்பியிருக்கிறாய். சந்தோஷம். அதை முதலிலேயே செய்திருந்தால் என்னவாம்? ஒரு இடம் வலிக்கிறது என்று வந்தால் ஏன் வலிக்கிறது என்று பார்க்காமல் வலிக்கிற நரம்பை வெட்டிவிடுவதா வைத்தியம்? உன்னை இவ்வளவு படிக்க வைத்தது இதற்குத்தானா என்று கேட்க வாய் வருகிறது, அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், அதனால் எழுதிக் கேட்கிறேன்.

ஆனால் நான் கடிதம் எழுத உட்கார்ந்தது அதற்கில்லை. இப்போது என் கழுத்தை நெரிக்கிற விஷயம் வேறு. அங்கிகளைக் காப்பாற்ற ஒரே வழி, முதுகுத் துணியை மட்டும் பிரித்துப் புதிதாக வெட்டி வைப்பது. மிச்சமிருக்கிற கருநீலம் நாற்பது முதுகுக்கு மயிரிழையில் போதும், ஒரு விரல்கடை வீணானாலும் போதாது. துணியைத் திருப்பி, கோணம் பார்த்து, இடுக்கில் இடுக்காகப் பரப்ப மாஸ்டரை விட்டால் ஆளில்லை. இரண்டு பேரைக் கூட்டிவந்து காட்டினேன், ஒருவர் முப்பத்தாறு வரும் என்றார், இன்னொருவர் நாலு பேரைப் பாடாமல் இருக்கச் சொல்லலாமே என்றார். மாஸ்டரோ ஃபோனை எடுப்பதில்லை. உன் அத்தான் நேரில் போனார். "தூங்கறார்" என்று அவர் மனைவி சொல்கிறார், உள்ளே அவர் இருமுகிற சத்தம் வாசல்வரை கேட்கிறது.

ஆகவே நீ வா. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே வண்டி ஏறு. மாஸ்டர் வீட்டு வாசலில் நின்று, ஓட்டை வைத்தது நீங்கள் இல்லை, நான் எழுதிய சாஃப்ட்வேர்தான் என்று அவர் காதில் விழும்படி நீயே சொல்ல வேண்டும். நான் போய்ச் சொல்ல முடியாதா என்று கேட்காதே. போனேன். அவர் வீட்டுக் கதவுவரை போனேன், கதவைத் தட்டாமல் திரும்பி வந்துவிட்டேன். என்னவென்று சொல்வது? அந்த ஓட்டையில் அவர் தப்பு ஒன்றும் இல்லை. நாய்க்கோட்டில் போடச் சொன்னதை நாய்க்கோட்டில்தான் போட்டார். அதை அவர் சொன்னபோது நான் நம்பவில்லை, ஒரு டப்பா சொன்னதை நம்பினேன். நாலு பேர் நடுவில் வைத்து அவர் கையைப் பழித்துவிட்டேன், அந்தக் கை இல்லாமல் இந்தக் கூடமே இல்லை. இது எனக்குத் தெரிகிறது, ஆனால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. வினை உன்னுடையது, ஆகவே நீ வந்து சொல். சொன்ன கையோடு உன் சாஃப்ட்வேரை மூன்று கம்ப்யூட்டரிலிருந்தும் கழற்றி எடுத்துக்கொண்டு போ. இனி எல்லாம் காகிதப் பேட்டர்ன்தான். அதுவரை என்னிடம் பேசாதே.

மற்றபடி உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. குழந்தைக்குச் சளி என்றாயே, தேவலையா? நீயும் உன் குடும்பமும் எந்தக் குறையும் இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், எனக்கு மாஸ்டர் திரும்பி வர வேண்டும்.

கடுங்கோபத்தோடும் ஆசியோடும்,
உன் அக்கா

பி.கு: நீ வர வேண்டாம். நேற்று கடிதத்தை மடித்துக்கொண்டிருக்கும்போது மாஸ்டர் படியேறி வந்தார். வேலைக்கு வரவில்லை, மூக்குக் கண்ணாடி உறையை விட்டுவிட்டுப் போனாராம், அதை எடுக்க வந்தாராம். என்ன செய்வதென்று தெரியாமல் கையிலிருந்த இந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். வறட்டு ஜம்பம் என்கிற இடத்தைத் தாண்டிப் படித்தேன். நின்றபடியே கேட்டார். கடைசிப் பக்கத்தில் அவர் கையைப் பழித்துவிட்டேன் என்கிற இடம் வந்ததும், "அந்த இடத்த இன்னொரு தடவ படிங்க மேடம்" என்றார். படித்தேன். "என்னைத் திட்டினப்ப எல்லாரும் இருந்தாங்க" என்றார். கூப்பிட்டேன், தைக்கிற பெண்கள், இஸ்திரிக்காரர், டீ கொண்டுவருபவர் எல்லோரும் வந்து நின்றார்கள், உன் அத்தான் சீட்டாட்டத்தை விட்டுவிட்டு வந்தார். மூன்றாம் தடவை படித்தேன், ஒரு வரி விடவில்லை. மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தொண்டையைக் கனைத்துவிட்டுக் கத்தரியை எடுத்தார். நாற்பது முதுகும் வந்துவிட்டது. சாஃப்ட்வேரும் இருக்கட்டும், நீ திருத்தி அனுப்பியது இன்று காலை எதையோ பொருந்தவில்லை என்று நிறுத்திக் கேட்டது, மாஸ்டர் ஆசையாக டேப்பை எடுத்தார்.

இந்தக் கடிதத்தின் அசலை அவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்றுவிட்டார். உனக்கு வந்திருப்பது அவரிடம் கொஞ்ச நேரம் கடன் வாங்கிப் பார்த்து நான் கையால் எடுத்த நகல். எடுக்கும்போது மாஸ்டரைப் பற்றிய இடங்களில் காரம் கொஞ்சம் குறைந்துவிட்டது, உன்னைப் பற்றிய இடங்களில் நாலைந்து வரி கூடிவிட்டது. எப்படி என்று என்னைக் கேட்காதே, இதெல்லாம் எப்படி நடக்கிறது என்று தெரிந்தவன் நீதான்.